எந்த அலை கணக்கில் வரும்?

அலைச்சறுக்குப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் மதிப்பெண் முறை. ஒரு சுற்றுக்கு இருபது முப்பது நிமிடம் தருவார்கள். அதற்குள் பல அலைகளில் ஏறிப் பார்க்கலாம். ஒவ்வொரு அலைக்கும் நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். முடிவில் ஒருவருடைய சிறந்த இரண்டு அலைகளை மட்டும் கூட்டி, இருபதுக்கு இவ்வளவு என்று அறிவிப்பார்கள். மற்ற அலைகளில் விழுந்தது, மூழ்கியது, உப்புத் தண்ணீர் குடித்தது எதுவும் கணக்கில் வராது.

எங்கள் செங்கல்பட்டு நண்பர் கூட்டத்தில் கோல்ஃப் ஆடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஆட்டத்தில் எல்லாமே கணக்கு. மரத்தடியில் சிக்கிய பந்து, தண்ணீரில் போன பந்து, குழிக்கு ஒரு சாண் இப்பால் நின்றுவிட்ட பந்து என்று பதினெட்டுக் குழிகளிலும் அடித்த ஒவ்வொரு அடியும் தாளில் ஏறும். அலைச்சறுக்குப் பழக விடியுமுன் கிளம்பி, திருப்போரூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து கோவளத்துக்குத் திரும்பும் வரை எங்களுக்குள் இதுதான் பேச்சு. விழுந்ததையும் எண்ணுவது நியாயமா, எழுந்ததை மட்டும் எண்ணுவது நியாயமா?

இந்தக் கடற்கரையின் பழைய கதையைப் படிக்கப் படிக்க, மூன்றாவது கணக்கு ஒன்று இங்கே இருந்தது என்று எனக்குப் புரிந்தது. இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே அலைகளைத் தினமும் தாண்டிய படகோட்டிகளின் கணக்கு அது. அவர்கள் ஒரு அலையையும் தவறவிட முடியாது. தவறினால் சரக்கு போகும், ஆள் போகும், தன் உயிரும் போகும்.

பழவேற்காடு முதல் தெற்கே வரும் கரையை நினைத்துப் பாருங்கள். சென்னை, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை என்று பேர்பெற்ற இடங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரிய கப்பல் ஒதுங்கிக்கொள்ளத் தோதான இயற்கைத் துறைமுகம் இவற்றில் ஒன்றிலும் கிடையாது. கப்பல்கள் தொலைவில், திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலை உடையும் பட்டை. மாமல்லபுரத்துக் கோயில் கோபுரங்கள் ஐரோப்பிய மாலுமிகளுக்குத் திசை காட்டின. ‘ஏழு கோயில்கள்’ என்று தங்கள் வரைபடங்களில் அவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஆனால் கோபுரத்தைப் பார்த்தவர்கள் கரைக்கு வர, உள்ளூர்க்காரர்களின் கை வேண்டியிருந்தது.

கோவளத்தில் 1720-களில் ஆஸ்டெண்ட் கம்பெனி என்ற ஐரோப்பிய வணிக நிறுவனம் வந்து கடை விரித்தது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்தார்கள். ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்குள் இருந்த கோவளம் கோட்டை பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1752-இல் ராபர்ட் கிளைவ் முதலில் கோவளத்தையும் அடுத்துச் செங்கல்பட்டையும் பிடித்தார். கொளவாய் ஏரிக்கரையில் எங்கள் ஊர்க் கோட்டையின் மிச்சம் இன்றும் நிற்கிறது. கோவளம் கோட்டை அப்போதே தகர்க்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த கதை இவ்வளவுதான்: யார் பிடித்தார்கள், யார் விட்டார்கள். பீரங்கியும் வெடிமருந்தும் துணிப்பொதியும் அரிசி மூட்டையும் கப்பலிலிருந்து கரைக்கு எப்படி வந்தன என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

அவை மசூலா படகில் வந்தன. திரிகோணமலைக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஜான் எடி என்பவர் 1834-இல் இந்தியா, இலங்கைக் கரைகளின் படகுகளைப் பற்றி அளவுகளோடு எழுதி வைத்திருக்கிறார். மசூலா 30 முதல் 35 அடி நீளம், 10, 11 அடி அகலம், 7, 8 அடி உயரம். இத்தனை பெரிய படகில் ஓர் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைச் சேர்த்து, விளிம்பில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களும் இல்லை. ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு இந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு அடியை வாங்கிக்கொண்டு நெளியும், நெளிவதால் பிழைக்கும்.

படகைச் செலுத்துவது தனி வித்தை. உடைகிற அலைகளின் வெளிப்பக்கம் வந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். பின்னால் நீண்ட துடுப்போடு நிற்கும் சுக்கான்காரர் கடலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெரிய அலைகள் கூட்டமாக வந்து கடந்து போகும். கடைசி அலை படகைத் தாண்டியதும் அவர் குரல் கொடுப்பார். அத்தனை பேரும் ஒரே மூச்சில் துடுப்புப் போட்டு, அந்த அலையின் முதுகிலேயே கரைக்கு ஓடிவிட வேண்டும். அடுத்த கூட்டம் வந்து பிடிப்பதற்குள் படகு மணலைத் தொட்டாக வேண்டும். ஏறி இறங்குவோர் பயம் தெரியாதிருக்க மட்டுமல்ல, துடுப்பு ஒன்றுபோல விழவும் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கும்.

மசூலா கவிழ்ந்தால் தூக்குவதற்குக் கட்டுமரம் பக்கத்திலேயே வரும். கனமில்லாத மரத்துண்டுகளைச் சீவி, கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை அது. எடி சொல்லும் அளவு 20 முதல் 25 அடி நீளம், மூன்றடி அளவில் அகலம். கவிழ்ந்தாலும் மூழ்காது, அலை அடித்துத் தள்ளினால் ஆள் நீந்திப்போய் மறுபடி ஏறிக்கொள்வார். மசூலா போகத் துணியாத நாளிலும் கட்டுமரம் போகும். பாயாலான கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். கடலில் விழுந்தவர்களைக் காப்பாற்றியவர்களுக்குப் பதக்கம் தரும் வழக்கம் இருந்தது என்கிறார் எடி. பதக்கம் வாங்கியவர்களின் பேரை அவர் எழுதவில்லை. இந்தக் குறையை நான் பெரிதாக நினைக்கிறேன். கிளைவின் பேர் இருக்கிறது, நவாபின் பேர் இருக்கிறது, கப்பல்களின் பேர்கூட இருக்கிறது. எல்லோரையும் கரை சேர்த்தவர்களின் பேர் இல்லை.

சென்னையில் 1861-இல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. 1870-களின் நடுவில் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கிற்று. 1881 நவம்பரில் வந்த புயல் அதை உடைத்துப் போட, மறுபடி கட்டினார்கள். துறைமுகம் வந்ததும் கப்பல் நேராகச் சுவரோரம் வந்து நின்றது. மசூலாக்காரர்களின் பிழைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கரையும் மாறியது. இந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது.

கட்டுமரம் மட்டும் இன்னொரு நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. கடலுக்குப் போய்வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயவைத்திருப்பதைச் சின்ன வயதில் மாமல்லபுரத்தில் பார்த்திருக்கிறேன். நனைந்த மரம் கனக்கும். காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். பிறகு மோட்டார் பொருத்திய ஃபைபர் படகு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோடு கிடந்தவையெல்லாம் போயின. நிவாரணமாகப் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே வந்தன. கட்டுமரம் அரிதாயிற்று.

ஆனால் அலையைப் படிக்கும் கண் போகவில்லை. கோவளம் மீனவப் பிள்ளைகள் மரப்பலகையில் குப்புறப் படுத்து அலையோடு வந்து விளையாடுவார்கள். அப்படி வளர்ந்தவர்தான் மூர்த்தி மேகவன். முறையான சறுக்குப் பலகை கைக்கு வந்ததும் தானே நிற்கக் கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தந்தார். தொழிலதிபர் அருண் வாசுவும் சேர, ‘கோவ்லாங் பாயிண்ட்’ அலைச்சறுக்குப் பள்ளி உருவானது. 2013-இல் அங்கே அலைச்சறுக்கு விழா தொடங்கியது. மாமல்லபுரத்து மீனவக் குடியிருப்பிலிருந்து வந்த சிறுமி கமலியைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர்.

எங்கள் கூட்டம் அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஐம்பதை நெருங்கும் உத்தியோகஸ்தர்கள், ஆளுக்கொரு நீளமான மெத்துப் பலகை, கணுக்காலில் கட்டிய கயிறு. போன கோடையில் எங்களுக்குள் ஒரு சிறு போட்டி வைத்துக்கொண்டோம். ஆளுக்கு அரை மணி. சிறந்த இரண்டு அலை. எங்களுக்குக் கற்றுத்தரும் கோவளத்துத் தம்பிதான் நடுவர்.

கோடைக் காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். அலையின் முகம் அப்போது வழவழப்பாக இருக்கும். மதியம் கடற்காற்று எழும்பினால் எல்லாம் கலங்கிவிடும். கட்டுமரக்காரர்கள் விடியலில் கரைக்காற்றில் போய், கடற்காற்றில் பாய் விரித்துத் திரும்பியதும் இதே நேரக் கணக்கில்தான். தெற்கே, பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புயல் கிளப்பிய அலைகள் கூட்டம் கூட்டமாக வந்து கோவளத்துப் பாறை முனையில் வரிசையாக உடையும்.

எனக்கு வந்த முதல் அலையில் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தி, நான் தலைகீழாகப் போனேன். அடுத்ததில் முழங்கால் வரை எழுந்தேன். கோல்ஃப் நண்பரோ முதல் அலையிலேயே நிமிர்ந்து நின்றுவிட்டார். பிறகு நேரம் முடியும் வரை ஒன்றுகூட அவருக்கு அமையவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தபோது நல்ல அலை ஒன்று எழுந்தது. கையை வீசப்போனேன்.

“இது வேணாண்ணா. இதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு வருது பாருங்க, அந்தக் கடைசிய புடிங்க” என்றார் தம்பி.

விட்டேன். அடுத்ததையும் விட்டேன். மூன்றாவது அலை வந்து பலகையைத் தூக்கியது. கைகளை ஊன்றி எழுந்தேன். பாறையைத் தாண்டி, படகுகள் நிற்கும் இடம் வரை நின்றுகொண்டே வந்தேன். என் வாழ்வில் அதைப் போன்ற நொடிகள் குறைவு.

கரைக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. கடைசி அலைக்குக் காத்திரு என்பது மசூலாவின் சுக்கான்காரர் கடைப்பிடித்த அதே பாடம். இதை அந்தத் தம்பி எங்கே கற்றார் என்று கேட்டேன். அப்பாவோடு கட்டுமரத்தில் போனபோது என்றார். விளையாட்டு வெளியிலிருந்து வந்தது, பலகை வெளியிலிருந்து வந்தது. அறிவு இங்கேயே இருந்தது. எழுத்தில் இல்லாமல், தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, கடலிலேயே கைமாறி வந்திருக்கிறது. விழுந்தாலும் சிரித்துக்கொண்டே மறுபடி ஏறும் வசதி எங்களுக்குக் கிடைத்திருப்பது, விழக்கூடாத மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவினால்தான்.

அதனால் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்தக் கரையில் இனி போட்டிகள் பெருகும், விடுதிகளும் பெருகும். கரை அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டுவார்கள். கல் விழுந்தால் அலை உடையும் இடமே மாறும். மேடையோ சுவரோ எது வந்தாலும், மீனவர்கள் படகை ஏற்றி நிறுத்தவும் வலையைக் காயவைக்கவும் உள்ள மணலை முதலில் அளந்து ஒதுக்கிவிட்டு வரட்டும். கட்டுமரம் கட்டத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை மாணவர்கள் முன்னால் உட்காரவைத்து, கட்டச் சொல்லி, பேரோடு பதிவு செய்யட்டும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் இந்தக் கரையில் இருக்கும் வரைதான் அலையைச் சொல்லித்தர ஆள் இருக்கும். அவர்களை ஒதுக்கிவிட்டு நடத்தும் விழா எவ்வளவு பெரியதானாலும் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ உரியதாகாது.