காப்பாளரும் நண்பரும்: அறிவுசார் குறைபாடும் இந்தியச் சட்டமும்

இந்தியச் சட்டத்தில் 'நண்பர்' என்னும் சொல் எதிர்பாராத ஓரிடத்தில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளைப்படி, சிறாருக்காக வழக்குத் தொடுப்பவர் 'நெக்ஸ்ட் ஃப்ரெண்ட்', அதாவது அடுத்துள்ள நண்பர். சித்த சுவாதீனம் அற்றவராகக் கருதப்படுவோருக்கும் இதே ஏற்பாடுதான். விந்தை என்னவெனில், இந்த நண்பர் உடன் நின்று பேசுபவர் அல்லர். அவருக்குப் பதிலாகப் பேசுபவர்.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டம் அறிவு வளர்ச்சி குன்றியவரையும் மனநோயாளியையும் 'லூனட்டிக்' என்னும் ஒரே சொல்லில் அடைத்தது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்தான் இரண்டையும் பிரித்தது; மனவளர்ச்சிக் குறைவு மனநோய் ஆகாது என அதன் வரையறை வெளிப்படையாக விலக்கியது. ஏட்டளவில் நின்ற இவ்வேறுபாடு ஒரு பெண்ணின் வாழ்வையே தீர்மானித்தது 2009இல்.

சண்டிகரில் அரசுக் காப்பகம் ஒன்றில் வாழ்ந்த, உற்றார் எவருமற்ற இளம்பெண் அவர். அறிவுசார் குறைபாடு உடையவர். காப்பகத்திலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க அனுமதி கோரி நிர்வாகம் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழுவோ, குழந்தையைப் பெற்றெடுக்கவே அவர் விரும்புகிறார் எனப் பதிவு செய்தது. அதன் பின்னரும் கலைப்புக்கே உத்தரவு பிறந்தது. பாதுகாக்க வேண்டிய இடத்தில் பாதுகாப்பு இல்லை. விருப்பம் கேட்கப்பட்ட இடத்தில் அதற்கு மதிப்பில்லை.

உச்ச நீதிமன்றம் ஜூலை 21 அன்று அவ்வுத்தரவை நிறுத்தியது. ஆகஸ்ட் 28 அன்று காரணங்களை விளக்கியது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் தொடக்கத்தில் 'லூனட்டிக்' என்ற சொல்லையே கையாண்டிருந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 'மனநோயாளி' என மாற்றிவிட்டது. ஆகவே அறிவுசார் குறைபாடு உடைய, வயது வந்த பெண்ணின் இசைவுக்கு ஈடாகக் காப்பாளரின் இசைவு செல்லாது. 1912ஆம் ஆண்டின் சொல்லே நீடித்திருந்தால் தீர்ப்புக்கு இந்தப் பற்றுக்கோடு வாய்த்திராது.

தீர்ப்பில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. 'அவளால் எப்படி வளர்க்க இயலும், துணைக்கு யார்?' என்பதே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய அறக்கட்டளையின் தலைவர், அப்பெண்ணின் நலனைப் பேணவும் குழந்தை வளர்ப்பில் உதவவும் ஆயத்தமாக உள்ளதாகப் பிரமாண வாக்குமூலம் அளித்திருந்தார். துணையின்மையைக் காரணம் காட்டி உரிமையைப் பறிப்பதா, துணையை ஏற்பாடு செய்து உரிமையைக் காப்பதா என்ற வினாவுக்கு நீதிமன்றம் இரண்டாவதையே விடையாகக் கொண்டது. இவ்வழக்கின் உயிர்நாடி இதுவே எனலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இச்சிந்தனையைச் சட்டமொழியாக்க முயன்றது. அதன் 14ஆம் பிரிவு கூறும் வரம்புக்குட்பட்ட காப்பாண்மை, பரஸ்பரப் புரிதலும் நம்பிக்கையும் கொண்டு இருவரும் சேர்ந்து முடிவெடுக்கும் முறை. நட்புக்கு இதைவிட நெருங்கிய விளக்கம் நம் சட்டநூல்களில் கிடைப்பது அரிது. ஆயினும் அங்கு அச்சொல் இல்லை. காப்பாளரை நியமிக்க வழிவகுக்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவும் தற்செயலாக 14தான். அதுவும் நீக்கப்படவில்லை. மகன் அல்லது மகளின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கச் செல்லும் பெற்றோர், இவ்விரு பதினான்குகளுக்கும் இடையில்தான் நிற்கின்றனர்.