அட்சய திருதியை: மாம்பலத்திலிருந்து தாம்பரம் வரை

அட்சய திருதியையன்று குன்றிமணித் தங்கமாவது வாங்க வேண்டும் என்று சென்னைப் புறநகரான தாம்பரம், குரோம்பேட்டை வீடுகளில் இன்று பரம்பரை வழக்கம்போலப் பேசுகிறார்கள். தமிழகத்தில் அந்த வழக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை வயதுதான்.

திதி பழையது. கும்பகோணத்தில் அன்று பெருமாள்கள் கருட வாகனத்தில் எழுந்தருள்வார்கள். ஒடிசாவில் உழவர் விதைப்பைத் தொடங்குவார்கள். புரியில் தேர் கட்டும் வேலை ஆரம்பமாகும். சமணர்கள் ஓராண்டு நோன்பைக் கரும்புச்சாறு பருகி முடிப்பார்கள். தானமும் அன்று முக்கியம். கொடுக்கும் நாள் எப்படி வாங்கும் நாளானது?

முதல் காரணம் சட்டம். 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை விதித்தன. 1968ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் தங்கத்தைக் கட்டியாக வைத்திருப்பதைத் தடுத்தது. 1990இல் அது நீக்கப்பட்டது. 1997இல் வங்கிகளுக்கு இறக்குமதி அனுமதி கிடைத்தது. சரக்கு தாராளமாக வந்ததும், கல்யாண சீசனுக்கு வெளியே அதை விற்க ஒரு நாள் தேவைப்பட்டது. நகைக்கடைகளும் உலகத் தங்கக் கவுன்சிலும் விளம்பரத்தில் இந்தத் திதியைப் பிடித்துக்கொண்டன. ராசிபலன் பக்கங்களும் தொலைக்காட்சியும் அதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன. ஜப்பானிலும் இப்படி நடந்திருக்கிறது. காதலர் தினத்தில் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் தரும் பழக்கம் 1950களில் மிட்டாய் நிறுவனங்கள் ஊன்றியது. பதில் பரிசுக்கென மார்ச் 14ஐயும் அத்தொழிலே பின்னர் உருவாக்கிக்கொண்டது.

ஆனால் விளம்பரம் மட்டுமே ஒரு மோகத்தை நிலைநிறுத்தாது. விளம்பரத்தால் பரவிய ஈமு கோழிப் பண்ணைகள் 2012இல் சரிந்ததைப் பார்த்தோம். தங்கம் நிலைத்ததற்கான விடை புறநகரின் மாதச் சம்பள வாழ்க்கையில் இருக்கிறது. 1931இலேயே கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதால், தி.நகர் நகைக்கடைகள் தாம்பரத்தாருக்கு மாம்பலத்தில் இறங்கி நடக்கும் தூரத்தில் இருந்தன. பின்னர் தாம்பரம் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே பெரிய கடைகள் வந்தன. நகைச்சீட்டும் கூடவே வந்தது: சித்திரையில் சேர்ந்து பதினோரு மாதம் கட்டினால் அடுத்த திருதியைக்குள் சீட்டு முடிந்துவிடும். அன்று விடிந்ததும் கடை திறக்கும். வாசலில் பந்தல், நீர்மோர், கையில் டோக்கன். சேதாரம், செய்கூலி கணக்குப் பார்த்துக் கம்மலை வைத்துவிட்டு ஒரு கிராம் காசோடு திரும்புகிற பெண்கள் பலர். அதே தங்கம்தான் ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு அடகுக்கடைக்குப் போகிறது. அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்குவது தவறு. என் கணிப்பில், அவசரத்துக்குக் கைகொடுக்கும் சேமிப்பு என்பதாலேயே இந்த மோகம் வேர்விட்டது.

2020, 2021 திருதியைகளில் ஊரடங்கால் கடைகள் மூடியிருந்தன. விற்பனை இணையத்துக்கு நகர்ந்தது. 2023இல் திதி இரண்டு நாளில் விழ, இரண்டு நாளும் வியாபாரம் நடந்தது. 2025இல் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டிய பிறகும் கூட்டம் வந்தது.

இந்த வரலாற்றுக்கான முதன்மைச் சான்றுகள் நூலகங்களைவிட வீடுகளில்தான் அதிகம். 1990களின் நகைக்கடை ரசீது, சீட்டு அட்டை, கடை காலண்டர் உங்கள் பீரோவில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆண்டைக் குறித்து எடுத்துவையுங்கள்.