கூடாரம் யாருக்கு, சுமை யாருக்கு? தங்கால் அரசமரத்தடியில் இருந்து கிளாம்பிங் வரை

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது உங்க ஃபோன்ல வாரத்துக்கு நாலு தடவையாவது கண்ணுல படுற ஒரு விஷயம். காட்டு ஓரத்தில் வெள்ளைக் கூடாரம். உள்ளே மெத்தை போட்ட கட்டில், மஞ்சள் விளக்கு, இணைப்புக் கழிவறை. வெளியே நெருப்பு மூட்டி நாலு நாற்காலி. இல்லேன்னா கடற்கரை, சவுக்குத் தோப்பு, அதே கூடாரம். இதுக்கு ‘கிளாம்பிங்’னு பேரு. ‘கிளாமர்’, ‘கேம்பிங்’ ரெண்டையும் ஒட்டவைச்சு, இந்த நூற்றாண்டில் பிரபலமான சொல்.

சொல்தான் புதுசு. காட்டுக்குப் போகணும், ஆனா வீட்டு வசதி குறையக் கூடாதுங்கிற ஆசை ரொம்பப் பழசு. அந்த ஆசையோட வரலாற்றைப் பார்த்தா ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது: கூடாரத்துல படுக்குறவர் ஒருத்தர், அதைச் சுமக்குறவர் இன்னொருத்தர். ஏற்கெனவே அந்த இடத்துல வாழ்றவங்க மூணாவது ஆள். இந்த மூணு பேருக்கும் நடுவுல கணக்கு எப்படித் தீர்ந்தது?

முல்லைப்பாட்டின் காடு

முதல் சாட்சி சங்க இலக்கியத்தில் இருக்கு. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்ட சின்னப் பாட்டு. அதில் ஒரு அரசன் போருக்குப் போய்க் காட்டில் பாசறை அமைத்திருக்கிறான். காட்டாறு ஓடும் முல்லை நிலம். பிடவம் முதலான புதர்களை வெட்டி, இடத்தைத் துப்புரவு செய்து, முள்வேலி வளைத்து, கடல்போலப் பரந்த பாடிவீடு எழுகிறது. அதற்குள்ளே அரசனுக்குத் தனி அறை. அதை அமைத்தவர்கள் யவனர்கள். திரை போட்டு அறையைப் பிரித்திருக்கிறார்கள். இடுப்பில் சிறு வாள் கட்டிய பெண்கள் விளக்குகளுக்கு எண்ணெய் வார்க்கிறார்கள். நேரம் சொல்ல நாழிகை வட்டில், காவலுக்கு முதிய மெய்காப்பாளர்கள்.

இன்றைய விளம்பரத்தில் வரும் எல்லாமே இருக்கு, இல்லையா? ஆனா பாட்டுக்குள்ள இன்னொரு தகவலும் இருக்கு. அந்த இடத்தைத் துப்புரவு செய்யும்போது, அங்கே ஏற்கெனவே இருந்த வேட்டுவர்களின் சிறு காவல் அரண்களையும் அழித்தார்கள். புலவர் அதைப் பெரிசா எடுத்துப் பேசலை. போகிற போக்கில் ஒரு அடி. அவ்வளவுதான். காட்டுக்குள்ள எழுந்த சொகுசுக் கூடாரத்தைப் பத்திய நம்ம பழைய பதிவுலயே, அங்க முன்னாடி யார் இருந்தாங்கன்னும் எழுதியிருக்கு.

இத்தனை வசதி இருந்தும் அரசன் தூங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் இறந்துபோன வீரர்களையும் நினைத்து விழித்திருக்கிறான்.

புகாரின் கடற்கரை

காட்டைப் பார்த்தாச்சு, இப்போ கடற்கரை. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை. இந்திர விழா முடிந்ததும் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குப் போகிறார்கள். அவன் அத்திரி என்னும் கோவேறு கழுதையில், அவள் வண்டியில். புன்னை மர நிழலில் புது மணல். சுற்றிலும் ஓவியம் தீட்டிய திரை, மேலே விதானம், நடுவில் வெண்ணிறக் கால்கள் வைத்த கட்டில். தோழி வசந்தமாலை யாழை எடுத்துக் கொடுக்கிறாள்.

மணலில் கட்டில் போட்டு, திரை கட்டி, இசையோடு ஒரு மாலை. வசந்தமாலை அங்கே இல்லேன்னா யாழ் கைக்கு வந்திருக்காது. அந்தக் கட்டிலையும் திரையையும் ஊருக்குள்ளிருந்து கடற்கரைக்குச் சுமந்து வந்தவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது.

தங்காலில் ஒரு பயணி

அதே சிலப்பதிகாரம் நம்ம ஊருக்கும் வருது. கட்டுரை காதையில் ‘தங்கால்’ என்று ஓர் ஊர். சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள, 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்த திருத்தங்கல்தான் அது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். திருமகள் தங்கிய ஊர் என்பது நின்ற நாராயணப் பெருமாள் கோயில் மரபு. ஊர் பேர்லயே தங்கல் இருக்கு பாருங்க.

சோழநாட்டைச் சேர்ந்த பராசரன் என்ற அந்தணன் சேர மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் வழியில் தங்காலில் இறங்குகிறான். ஊர் மன்றத்தில் தழைத்த அரசமரம். அவன் இறக்கி வைக்கும் பொருள்களைக் காப்பியம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது: ஊன்றுகோல், தண்ணீருக்குக் கமண்டலம், வெண்குடை, வேள்விச் சுள்ளி, ஒரு சிறு மூட்டை, செருப்பு. தன் சுமையைத் தானே தூக்கி வந்த ஒருவனின் பட்டியல் இது. மரத்தடியில் யாரையும் கிளப்பிவிடாமல் உட்கார்கிறான்.

ஆனா கதை அங்க முடியலை. விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களில் ஒருவன் பிழையில்லாமல் வேதம் ஓதுகிறான். மகிழ்ந்துபோன பராசரன் தன் அணிகலன்களை அவனுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். ஏழைக் குடும்பத்தில் திடீரென்று நகை. அரசனின் ஆட்கள் சந்தேகப்பட்டு, புதையலை எடுத்து மறைத்தவன் என்று சிறுவனின் தந்தை வார்த்திகனைச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கார்த்திகை கதறுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்து, தவறு நடந்ததை அறிந்து, வார்த்திகனிடம் மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுக்கிறான்.

நல்ல மனசோட வந்த விருந்தாளிதான் பராசரன். அப்படிப்பட்டவர் வந்துபோன பிறகும் ஊர்க்காரர் சிறைக்குப் போக நேர்ந்தது. அதைச் சரிசெய்தது விருந்தாளி இல்லை. பராசரன் அதுக்குள்ள போயாச்சு. பொறுப்பு அரசன் மேல் விழுந்தது, அவனும் அதை ஏற்றுக்கொண்டான். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

நூறு யானை, ஐந்நூறு ஒட்டகம்

இப்போ கொஞ்சம் வடக்கே. அக்பரின் ஆட்சியைப் பற்றி அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் அரச முகாமின் கணக்கு இருக்கிறது. ஒரு முகாமைச் சுமந்து செல்ல 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமையாள். கூடாரம் அடிக்க மட்டும் ஆயிரம் பேர். பெருக்குவதற்கு 150 பேர். பின்னாளில் ஔரங்கசீப்போடு காஷ்மீர் வரை போன பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, ஒரே மாதிரி இரண்டு முகாம் இருந்ததைச் சொல்கிறார். ஒன்றில் பேரரசர் தங்கியிருக்க, மற்றொன்று முன்னால் போய்த் தயாராக இருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியே எடுத்துக்கொண்டது. ‘முகாம்’, ‘டேரா’, ‘ஜமாபந்தி’ எல்லாம் அந்த வழியில் வந்த சொற்கள். இன்னைக்கும் தாலுகா ஆபீஸ்ல வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்குது. அந்தக் காலத்தில் அதற்கென்று கலெக்டர் கூடாரத்தோடு கிராமங்களுக்குக் கிளம்புவார். மாந்தோப்பிலோ புளியந்தோப்பிலோ கூடாரம் அடிப்பார்கள். கூடாரம் அடிக்கும் கலாசிகள், சமையல்காரர், வண்டிக்காரர், தண்ணீர் சுமப்பவர் என ஒரு சின்ன ஊரே நகரும். வைக்கோல், விறகு, பால், கோழி எல்லாம் கூடாரம் இறங்கிய கிராமத்திலிருந்து வரவேண்டும்.

தாமஸ் மன்றோ இப்படிக் கூடாரங்களில் வாழ்ந்தவர். 1792 முதல் 1799 வரை இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதியான பாராமகாலில் வேலை பார்த்தார். பிறகு சென்னை மாகாண ஆளுநராகி, சுற்றுப்பயணம் போன இடத்தில், 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். ஆளுநருக்கே கூடாரம் அவ்வளவுதான் பாதுகாப்பு.

சுமந்தவர்களின் கோபம் எங்கே வெடித்தது தெரியுமா? இமயமலைக் குமாவுன் பகுதியில். அங்கே மலைக் கிராமத்தவர்கள் அதிகாரிகளின், பயணிகளின் மூட்டைகளைச் சுமக்கவும், அவர்களுக்கு உணவுப்பொருள் கொடுக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். ‘கூலி பேகார்’ என்று பெயர். யார் முறை எப்போது என்பதற்குப் பதிவேடு உண்டு. 1921 ஜனவரியில் பாகேஸ்வர் திருவிழாவில் திரண்ட மக்கள் அந்தப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் தூக்கி எறிந்தார்கள். அதோடு அந்த முறை முடிவுக்கு வந்தது. பனிமலை பார்க்கப் போனவரின் படுக்கையைச் சுமந்து சுமந்து சலித்தவர்கள் செய்த வேலை அது.

சிவகாசியில் கூடாரம் போட்டவர்கள்

நம்ம பகுதிக்கே திரும்பி வருவோம். 1854-இல் சி.எம்.எஸ். சபையைச் சேர்ந்த ராக்லண்ட், ஃபென், மெடோஸ் என்ற மூன்று ஆங்கிலேய மிஷனரிகள் வடக்குத் திருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரத்தில் தங்கிப் போதிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அன்றைக்குச் சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ராக்லண்ட் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஆய்வாளர். சென்னையில் சபைச் செயலராக இருந்தவர். பங்களா வாழ்க்கையை விட்டு வந்து, வெயில் ஏறும்வரை ஊர்களுக்குப் போய், நடுப்பகலில் கூடாரத்துக்குத் திரும்பி, மாலையில் மறுபடி கிளம்பும் வாழ்க்கை.

கரிசல் வெயில் எப்படின்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம். உள்ளே மெத்தையே போட்டாலும் பங்குனி, சித்திரையில் கூடாரம் அடுப்புதான். 1858 அக்டோபர் 22 அன்று ராக்லண்ட் சிவகாசியிலேயே இறந்தார். வயது 43. அவர் வந்த நோக்கத்தை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கூடாரத்தில் தங்குவதன் விலையை அவர் தன் உடம்பில் கொடுத்தார் என்பது வரலாறு.

இதற்கு முன்பே, 1845-இல், மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வேறு வழி கண்டார்கள். சமவெளி வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்பிப் பழனி மலையில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். கோடைக்கானல் அப்படித்தான் தொடங்கியது. அந்த மலையில் பளியர்களும் மலைக் கிராமத்தவர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். ஓய்விடமாக வந்தது ஊரானது, ஊர் நகரமானது.

இப்போதைய கணக்கு

இன்னைக்கு மூட்டையை நம்ம காரே சுமக்குது. ஆனா மூணாவது ஆள் இன்னும் அங்கதான் இருக்கார். சில சமயம் அவர் மனுஷரே இல்லை.

நீலகிரியின் சீகூர் பீடபூமியில் யானைகள் போய்வரும் வழியில் ரிசார்ட்டுகள் எழுந்தன. 2010-இல் தமிழக அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை உறுதி செய்தது. அடுத்த மூன்று மாதத்தில் இரண்டு சம்பவங்கள். 2021 ஜனவரியில் மசினகுடியில், தங்குமிடம் ஒன்றின் அருகே வந்த ஆண் யானை மீது நெருப்பு வீசப்பட்டது. அது காயத்தோடு அலைந்து ஜனவரி 19 அன்று இறந்தது. நான்கு நாள் கழித்து, வயநாட்டின் மேப்பாடியில் காட்டோரக் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. ஒரே வாரம். ஒரு பக்கம் யானை போச்சு, இன்னொரு பக்கம் மனுஷ உயிர் போச்சு.

கடற்கரைக்கும் விதி உண்டு. 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்புகள் இருக்கின்றன. 2019-இன் அறிவிப்பு, கடற்கரையில் குடில், கழிவறை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்குச் சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. நமக்கு அது வெறும் மணல். மீனவருக்கு வலை உலர்த்துகிற, படகு ஏற்றுகிற, கருவாடு காயப்போடுகிற இடம்.

நம்ம பக்கத்துலயும் காடு இருக்கு. திருத்தங்கலில் இருந்து மேற்கே வண்டியில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் திருவில்லிபுத்தூர், அதைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலை. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம். தீபாவளி முடிஞ்சு பட்டாசு ஆலைகளுக்கு லீவு விட்டதும், நாலு பேர் சேர்ந்து எங்கயாவது போகலாம்னு முதல்ல பேசுற இடம் அந்த மலையடிவாரம்தான். போகக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. வருஷம் பூரா மருந்து நெடியிலயும் காகிதத் தூசியிலயும் வேலை பார்க்குறவங்களுக்கு ரெண்டு நாள் பச்சை பார்க்க உரிமை இருக்கு.

புக் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி மட்டும் கேளுங்க. இந்த இடத்துக்கு வனத்துறை, உள்ளாட்சி அனுமதி இருக்கா? கழிவுத் தண்ணியும் குப்பையும் எங்க போகுது? இங்க கூடாரம் வர்றதுக்கு முன்னாடி இது யாரோட வழி? யானையோ, மாடு மேய்க்கிறவரோ, மீன்காரரோ, யாரா வேணா இருக்கலாம். பதில் சொல்லத் தயங்குறாங்கன்னா வேற இடம் பாருங்க.

பராசரன் கிளம்பிப் போனதுக்கு அப்புறம்தான் வார்த்திகன் சிறைக்குப் போனான். நாம ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பி வந்துடுவோம். அதுக்கப்புறம் அங்க என்ன நடக்குதுங்கிறது நமக்குத் தெரியப்போறதில்லை. அதனாலதான் போறதுக்கு முன்னாடியே கேட்கணும். பாண்டியன் மாதிரி பொறுப்பு ஏத்துக்க வேண்டிய வேலை அரசாங்கத்துக்கு. கேள்வி கேட்குற வேலை நமக்கு.

உங்க ஊர்ப் பக்கம் பழைய கலெக்டர் முகாம் போட்ட தோப்பு, சத்திரம், டேரா இறங்கின மைதானம்னு ஏதாவது இருந்தா வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கதை கிடைக்கும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.