பெயரேடும் வீடற்றோரும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்குப் பெயரேடு என்றால் இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியார் செக்ரோலை விரித்துப் பெயர் கூப்பிட்ட காலம் நம்மில் மூத்தவர் பலருக்கு நினைவிருக்கும். அவ்வேட்டில் பெயர் இருந்தால் வேலை உண்டு, லயத்தில் வீடு உண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. பெயர் வெட்டப்பட்டாலோ மூன்றும் ஒருங்கே போயின. வேலையையும் கூரையையும் ஒரே ஏட்டில் கட்டி வைத்த இவ்வேற்பாடே நம்மவர் வீடிழந்த சரித்திரத்தின் முதல் அதிகாரம் என்பது நமது அபிப்பிராயம்.

1930-ல் ரப்பர் விலை விழுந்தபோது பெயர் வெட்டப்பட்டோரில் லட்சத்திற்கு மேற்பட்டவர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. அதனால் விளைந்த கேட்டை உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1960-களில் வெளிவந்தது. 1968-ம் ஆண்டுச் சட்டம் பிரஜையல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் வேண்டுமென்றது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர் பாடு திண்டாட்டமாயிற்று. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக் காடும் பல இடங்களில் வீட்டுமனையாயிற்று.

சுங்கை புரோங்கைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் நெல்வயல். தமிழர் திரளாய் வாழ்ந்த தோட்டங்கள் தெற்கிலும் கிழக்கிலும் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று பரந்து கிடந்தன. அங்கிருந்து வெளியேறியோர் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றனர். பிள்ளைகள் உள்ளவர் எப்படியோ ஒண்டிக் கொண்டனர். பிள்ளையும் உறவும் பத்திரமும் இல்லாதாரில் சிலர் கடை ஐந்தடியில் வந்து படுத்தனர்.

இவர்களுக்கு உதவுவோரே இல்லையா? உண்டு. கோயிலில் அன்னதானம் உண்டு, சங்கத்தார் இரவில் கொண்டு வரும் சோற்றுப் பொட்டலம் உண்டு, பொதுநல இலாகா உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் ஒருவர் ஏடு மற்றவருக்குத் தெரியாது. கோலாலம்பூரில் ஒரே தெருவுக்கு ஒரே இரவில் மூன்று கூட்டத்தார் சோறு கொணர்வதும், மறுநாள் ஒருவருமே வராமற் போவதும் உண்டென்று தொண்டு செய்வோரே முறையிட்டிருக்கின்றனர். ஒரு கிழவர் தம் கதையை ஐந்து மேஜைகளில் ஐந்து முறை சொல்கிறார். ஆறாம் மேஜையிலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கோளாறு புதியதன்று. 1869-ல் இலண்டன் நகரில் தர்மங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் தோன்றிற்று. வட்டாரந்தோறும் கமிட்டி வைத்து, உதவி கேட்போர் ஒவ்வொருவரையும் விசாரித்துப் பதிந்து, ஒருவனே பல இடத்தில் வாங்காமலும் ஒருவன் எங்குமே பெறாமலும் இருக்கப் பார்த்துக் கொள்வது அதன் நோக்கம். 1877-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரமும் இதனைப் பின்பற்றிற்று. யோசனை நல்லதே. நடந்ததோ வேறு. தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரிக்கும் வேலையே பெரிதாகி, விசாரணை வளர்ந்தது, கொடை குறைந்தது. முதியோர்க்குச் சர்க்கார் 1908-ல் பென்ஷன் கொடுக்க முன்வந்தபோது அதனை எதிர்த்தவர்களும் இந்தச் சங்கத்தாரே! ஏழையின் ஒழுக்கத்தை அளக்கும் கோல் ஏழையின் கையில் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்து மேலே செல்வோம்.

2001-ல் அமெரிக்கக் காங்கிரஸ், வீடற்றோர்க்குப் பணம் பெறும் ஊர்கள் யாவும் உதவி பெறுவோர் விவரத்தைக் கணிப்பொறியில் ஒரே முறையாய்ப் பதிய வேண்டுமென்று பணித்தது. 2004-ல் அதற்கு விதிகள் வந்தன. முதலில் இது வாஷிங்டனுக்கு அனுப்பும் கணக்காகவே கிடந்தது. ஜனவரி மாதத்தில் ஓரிரவு தெருவில் தலைகளை எண்ணுவார்கள். தொகை கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டான். பிறகு சில ஊரார் தொகையை விட்டுப் பெயரைப் பிடித்தார்கள். இல்லினாய் மாகாணத்து ராக்ஃபர்டு நகரில் வீட்டு வாரியம், நோய் பார்ப்போர், சத்திரம் நடத்துவோர், பழைய சிப்பாய்களைக் கவனிப்போர் யாவரும் ஒரே மேஜையில் ஒரே பட்டியலை வைத்து அமர்ந்தனர். இன்னார் எங்கே படுக்கிறார், என்ன நோய், எப்பேர்ப்பட்ட வீடு வேண்டும், அதை யார் பார்ப்பது என்று பெயர் பெயராகப் பேசினர். 2015-ல் அந்நகரம் வீடற்ற பழைய சிப்பாய்கள் விஷயத்திலும், 2017-ல் நெடுங்காலம் தெருவில் கிடந்தோர் விஷயத்திலும் வெற்றி கண்டதாக அறிவித்தது. வீடிழப்பவரே இல்லை என்பதன்று இதன் பொருள். புதிதாய் இழப்பவரை உடனுக்குடன் வீட்டிலேற்ற ஊருக்குச் சக்தி வந்துவிட்டது என்பதே.

பட்டியல் வீடு கட்டுவதில்லை என்பதையும் மறக்கலாகாது. கொடுக்க வீடில்லாத ஊரில் எத்தனை நேர்த்தியான ஏடும் காத்திருப்போர் வரிசையாகவே முடியும்.

இனி மறுபக்கம். இலண்டனில் தெருவில் உறங்குவோர்க்கென்று பல தொண்டு ஸ்தாபனங்கள் சேர்ந்து எழுதும் பொதுப் பதிவு ஒன்று உண்டு. எந்தப் பகுதியில் எந்நாட்டார் தெருவில் உறங்குகிறார்கள் என்ற விவரம் அதிலிருந்து பிரிட்டிஷ் உள்நாட்டு இலாகாவுக்குப் போய்ச் சேர்ந்தது 2017-ல் வெளிப்பட்டது. ஐரோப்பிய நாட்டார் தெருவில் படுத்ததையே குற்றமாக்கி நாடு கடத்திய அந்தக் கொள்கை சட்ட விரோதமென்று அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவி செய்ய எழுதிய கணக்கைக் கொண்டு ஆளைத் தேடினார்கள்! அமெரிக்கர் ஒரு விதத்தில் முன்னரே விழித்துக் கொண்டனர். கொடுமைக்காரக் கணவனுக்கு அஞ்சி ஓடிவந்த பெண்களுக்கு இடமளிக்கும் ஸ்தாபனங்கள் அவர்கள் பெயரைப் பொது ஏட்டில் சேர்க்கக் கூடாதென்று 2006-ல் கையெழுத்தான சட்டம் தடுத்தது.

நம் நாட்டிலும் ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. வறியோர் கணக்காகிய இ-காசே உண்டு. 2024 ஜனவரி 2-ந் தேதி பாடு என்னும் பெருந்தொகுப்பு தொடங்கப்பட்டது. அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டே ஒருவர் கணக்கில் பிறர் நுழையக் கூடிய ஓட்டை ஆரம்ப நாட்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டது. இதே நாட்டில்தான் 1977-ம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் தெருவில் அகப்பட்டவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தி, மூன்று ஆண்டு வரை இல்லத்தில் வைக்க இடங் கொடுத்தது. 2014 ஜூலையில் கோலாலம்பூர் நடுநகரில் இரண்டு கிலோமீட்டருக்குள் தெருவில் சோறு கொடுக்கலாகாது என்று மந்திரி ஒருவர் உத்தரவிட, கெச்சாரா, பெர்த்திவி முதலிய சங்கத்தாரும் பொதுமக்களும் எதிர்த்த பிறகே கெடுபிடி தளர்ந்தது.

ஆகவே, நம்மவர் பெயர் கொடுக்கத் தயங்கினால் அதை அறியாமை என்று சொல்லி ஒதுக்குவதற்கில்லை. "இந்தக் கணக்குப் போலீசுக்குப் போகுமாங்க?" என்று சிவப்புக் கார்டு வைத்திருக்கும் ஒரு கிழவர் கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஏடு வைத்திருப்பவரே.

கோலசிலாங்கூர் வட்டாரத்துக்குப் பெருஞ் செலவுள்ள கணிப்பொறி தேவையில்லை. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியார், பொதுநல அதிகாரி, கோயில் நிர்வாகிகள், தொண்டுச் சங்கத்தார் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் அமர்ந்தால், கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகமே தொடக்கத்துக்குப் போதும். அமருமுன் மூன்றை எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்: பெயருக்குரியவர் சம்மதமின்றி எதுவும் பதிவதில்லை, பதிந்ததை அவர் கேட்டால் படித்துக் காட்டவும் அழிக்கச் சொன்னால் அழிக்கவும் வேண்டும், போலீசுக்கும் குடிநுழைவு இலாகாவுக்கும் அதில் பங்கில்லை. மூன்றாவதற்கு அதிகாரிகள் இணங்குவார்களா என்பதே சந்தேகம். இணங்காவிடில் அந்த நோட்டில் அவர்களுக்கு இடம் வைக்காமல் ஆஸ்பத்திரியாரும் கோயிலாரும் சங்கத்தாருமே தொடங்கலாம்.