செஞ்சிக் கோட்டையில் ஓர் ஆயுட்கணக்கு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையை நம்மில் பலர் பார்த்திருப்போம். தேசிங்கு ராஜனின் கதையையும் கேட்டிருப்போம். மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட பின்னரே இக்கோட்டையைப் பிடிக்க முடிந்தது. மராட்டியரின் கோட்டைகளோடு சேர்த்து 2025-இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் இக்கோட்டையில் பீரங்கியைவிடக் கொடிய பகைவன் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றி வழிகாட்டிகள் சொல்வதில்லை.

1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற தளபதியின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைக் கைப்பற்றியது. 1761 ஏப்ரலில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இடைப்பட்ட பத்தாண்டுகளைப் பற்றி ராபர்ட் ஆர்ம் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் ஒரு செய்தி தருகிறார். கர்நாடகப் பகுதியிலேயே உடல்நலத்துக்கு மிகவும் கேடான இடம் செஞ்சி என்று கருதப்பட்டது. பிரெஞ்சுக்காரர் அங்கே ஒருபோதும் நூறு ஐரோப்பியருக்கு மேல் வைத்திருக்கவில்லை. ஆயினும் பத்தாண்டுகளில் 1,200 பேரை இழந்தனர் என்பதே அச்செய்தி.

இந்த இரண்டு எண்களையும் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். பத்தாண்டுகளில் 1,200 என்றால் ஆண்டுக்கு 120. இருப்பதோ நூறு பேர். ஒருவர் இறந்ததும் அவர் இடத்துக்கு இன்னொருவர் வருகிறார் என்று கொள்வோம். அப்படியானால் ஒருவர் சராசரியாக அங்கே உயிர் வாழும் காலம் 100-ஐ 120-ஆல் வகுத்தால் கிடைக்கும் ஆண்டு, அதாவது பத்து மாதம்! நூறு என்பது உச்ச அளவாதலால் உண்மையான காலம் இதனினும் குறைவாகவே இருந்திருக்கும். கதிரியக்க அணுக்களின் சராசரி ஆயுளை இயற்பியலில் நாம் காண்பதும் இதே முறையில்தான். இருபது, முப்பது வயது இளைஞன் ஒருவனின் எஞ்சிய ஆயுள் பத்தே மாதம் என்பது எத்தகைய கொடுமை!

காரணம் என்ன? அக்காலத்தார் காற்றைப் பழித்தனர். நமக்கு இன்று வேறு விடை தெரியும். கோட்டைக்குள் குளங்களும் சுனைகளும் கிணறுகளும் நிறைய. மழைக்குப் பின் பாறைக் குழிகளிலும் நீர் தேங்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு வளர்வதற்கு இவை ஏற்ற இடங்கள். அசுத்த நீரால் வரும் வயிற்றுக் கடுப்பும் உடன் சேர்ந்திருக்கும். இக்கொசுவே மலேரியாக் கிருமியைச் சுமக்கிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான்.

'அப்படியானால் செஞ்சியின் உழவர்கள் மட்டும் எப்படிப் பிழைத்தார்கள்?' என்று வாசகர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மலேரியா மிகுந்த ஊரில் பிறந்த குழந்தை மீண்டும் மீண்டும் காய்ச்சலுக்கு ஆளாகிறது. பல குழந்தைகள் இறந்துவிடுகின்றன. எஞ்சியவை ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுகின்றன. உள்ளூரார் குழந்தைப் பருவத்தில் செலுத்திய விலையை வெளியூரார் வளர்ந்த பின் செலுத்த நேர்ந்தது. ஊர் மாறுவதற்கு உடல் கொடுக்கும் விலை இது.

மருத்துவ வசதியோ தொலைவில் இருந்தது. புதுச்சேரி ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். நோயாளியை டோலியிலோ மாட்டு வண்டியிலோ கொண்டுசெல்ல வேண்டும். ஆங்கிலேயர் சென்னைக் கோட்டைக்குள் நோயுற்ற படைவீரர்களுக்காக 1664-இலேயே ஒரு சிறு மருத்துவமனை தொடங்கியிருந்தனர். இன்றைய சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. ஆனால் மருத்துவமனை இருப்பது வேறு, நோயாளி அதை உரிய நேரத்தில் அடைவது வேறு. சிங்கோனா மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதை ஐரோப்பியர் அறிந்திருந்தனர். எனினும் அதிலிருந்து கொயினா பிரித்தெடுக்கப்பட்டது 1820-இல். நீலகிரியில் சிங்கோனா பயிராகத் தொடங்கியது 1860-களில்.

செஞ்சியின் நிலை ஒரு விதிவிலக்கா? இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் உடல்நலத்தை ஆராய 1859-இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. நீண்ட கால அளவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 வீரர்கள் இறந்தனர் என்று 1863-இல் அது அறிவித்தது. செஞ்சியைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் இந்த விகிதம் இருபது ஆண்டு நீடித்தால் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 240 பேரே எஞ்சுவர். ஓய்வூதியம் பெறும் நாளை நான்கில் ஒருவர்கூடக் காண்பதரிது!

அப்படி எஞ்சியவர்களில் சிலர் தாய்நாடு திரும்பாமல் இங்கேயே தங்கினர். சென்னைக்கு மேற்கேயுள்ள திருப்பாச்சூரில் ஐரோப்பிய ஓய்வூதியர்கள் குடியமர்த்தப்பட்டனர். அங்கே எழுபது வயது முதியவர் ஒருவரைக் கண்டவர், 'இவருக்கு இந்நாட்டுத் தட்பவெப்பம் நன்றாக ஒத்துக்கொண்டது' என்று சொல்லியிருக்கலாம். இம்முடிவு தவறு. அவரோடு கப்பலில் வந்து முதல் சில ஆண்டுகளில் மாண்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லையே! பிழைத்தவரை மட்டும் எண்ணி ஓர் ஊரின் நலத்தை அளக்கலாகாது.

இன்று காட்சி தலைகீழாக மாறியிருக்கிறது. 1941-51 காலத்தில் 32 ஆண்டாக இருந்த இந்தியரின் சராசரி ஆயுள் 2016-20 காலத்தில் 70 ஆண்டாக உயர்ந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியம் பெற்று வாழ்கின்றனர். பிரெஞ்சுக்காரர் 1823-இல் அங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர் மருத்துவமனை. நம் ஊர்களிலிருந்தோ, ஓய்வுபெற்ற பெற்றோர் மகனையும் மகளையும் நாடிக் கடல் கடந்து செல்கின்றனர்.

இவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சராசரி ஆயுள் 70 என்றால் அறுபது வயதானவருக்கு இன்னும் பத்தாண்டுதான் என்று பொருளன்று. 70 என்பது பிறக்கும் குழந்தைக்குரிய எண். அறுபதை அடைந்துவிட்ட இந்தியருக்குச் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டுகள் உண்டு. அவ்வளவு நீண்ட காலத்துக்கு மருத்துவம் வேண்டும். அதைத் தருபவர் யார்? கனடாவில் நெடுநாள் தங்க வரும் பெற்றோர் ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அமெரிக்காவில் புதிதாகக் குடியேறிய முதியவர், தாமே கட்டணம் செலுத்தி அரசின் முதியோர் காப்பீட்டில் சேர விரும்பினாலும், நிரந்தர உரிமையுடன் ஐந்தாண்டுகள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். அக்காப்பீடு பொதுவாக அந்நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. அங்கு ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் திரும்புவோருக்கும் இது பொருந்தும்.

ஒரு நாட்டின் சராசரி ஆயுள் உயர்ந்தது என்பதால் அங்கே செல்பவரின் ஆயுள் தானே உயர்ந்துவிடாது. என் உடலுக்கு அங்கே புதிய நோய் எது? மருத்துவர் எவ்வளவு தொலைவில்? செலவை ஏற்பவர் யார்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே பயணச்சீட்டு வாங்க வேண்டும். செஞ்சியில் மாண்ட அந்த 1,200 பேருக்கும் இவற்றைக் கேட்கும் வாய்ப்பு இருந்ததில்லை. நமக்கு இருக்கிறது.