நாற்பது பவுண்டு சுமையும் ஒரு ஜோடி ஷூவும்

முதல் நேர்காணலுக்காக 900 ரூபாய் கொடுத்து ஒரு கறுப்பு ஷூ வாங்கினேன். கடையில் போட்டுப் பார்த்தபோதே இறுக்கிப் பிடித்தது. "புதுசு அப்படித்தான் சார் இருக்கும், ரெண்டு நாள்ல லூஸ் ஆயிடும்" என்றார் கடைக்காரர். நம்பினேன். நேர்காணலன்று பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, சாக்ஸ் காயத்தில் ஒட்டிக்கொண்டது. கேள்வி கேட்டவர்களின் முகம் இப்போது நினைவில்லை. மேசைக்கு அடியில் குதிகாலை மட்டும் மெல்ல வெளியே இழுத்து வைத்துக்கொண்டு பதில் சொன்னது நினைவிருக்கிறது. அந்த வேலை கிடைக்கவில்லை.

வீட்டில் அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போட்டுப் போட்டுக் கால் பழகிடும்டா" என்றார். பழக வேண்டியது காலா, ஷூவா? சும்மா எரிச்சலில் எழுந்த கேள்விதான். ஆனால் காலணிகளின் வரலாற்றைப் புரட்ட ஆரம்பித்தபோது, இதற்குப் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் மண்டையை உடைத்திருப்பது தெரிந்தது.

ஐரோப்பாவில் ஏறக்குறைய 1600 முதல் 1800 வரை பெரும்பாலான காலணிகளுக்கு இடது, வலது என்ற வித்தியாசமே கிடையாது. குதி உயர்ந்த காலணிகள் வந்த பிறகு, அவற்றுக்கான மர அச்சை இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனியே செதுக்குவது கடினமாக இருந்தது. அதனால் ஒரே நேர் அச்சில் இரண்டையும் தைத்தார்கள். எது இடது என்பதைப் போடுகிறவரின் கால்தான் நடந்து நடந்து முடிவு செய்ய வேண்டும். அதாவது செருப்புத் தைப்பவர் பாதியில் விட்ட வேலையை நம் குதிகால் செய்து முடித்தது.

இந்தக் கணக்கு தப்பு என்று உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் எட்வர்ட் லைமன் மன்சன், அமெரிக்க ராணுவ மருத்துவர். ராணுவம் அமைத்த காலணிக் குழுவுக்குத் தலைமை தாங்கி, சிப்பாய்களின் கால்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1912இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். நடக்க முடியாத சிப்பாய் சண்டைக்கு உதவ மாட்டான் என்பதுதான் ராணுவத்தின் கவலை. மன்சன் கண்டது எளிமையான விஷயம்: சும்மா உட்கார்ந்திருக்கும் காலும் சுமையோடு நிற்கும் காலும் ஒன்றல்ல. எடை ஏறினால் பாதம் நீளத்திலும் அகலத்திலும் விரியும். எனவே முதுகில் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ சுமையோடு நிற்கவைத்துத்தான் அளவெடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு ராணுவ உத்தரவு வந்தது.

அந்த உத்தரவின் அடுத்த பகுதிதான் எனக்குப் பிடித்தது. சிப்பாய் புது ஷூவோடு இரண்டரை அங்குலத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். பிறகு சமதரையில் ஒரு மணி நேரம் நடந்து, ஷூவைக் காலிலேயே காயவிட வேண்டும். கழற்றியபின் மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். காரணமும் சொல்லியிருந்தார்கள்: முன்பு மர அச்சின் மேல் எப்படி வடிவம் எடுத்ததோ, அதேபோல இப்போது காலின் மேல் தோல் வடிவம் எடுக்கிறது. தோல் என்பது பின்னிக் கிடக்கும் நார்கள். நனைந்தால் அந்த நார்கள் இளகி நகரும். காயும்போது நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். ராணுவத்தின் பதில் தெளிவு: பழக வேண்டியது ஷூ.

உடனே பாத்ரூமில் அகலமான பேசினில் தண்ணீர் பிடித்து, அந்தக் கறுப்பு ஷூவோடு ஏறி நின்றேன். பிறகு மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நடை. "பைத்தியமாடா உனக்கு?" என்று கீழேயிருந்து அம்மா. காய்ந்தபோது ஷூ இம்மியும் விரியவில்லை. அடிப்பாகம்தான் வாயைப் பிளந்திருந்தது.

தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி ஒரு தடவை மடக்கிப் பார்த்தார். "இது தோலே இல்ல தம்பி, ரெக்ஸின். அடியும் தையல் இல்ல, பசை. தண்ணில வெச்சாலும் எண்ணெய் தேச்சாலும் இது உங்க பேச்சக் கேக்காது."

அப்போதுதான் உறைத்தது. மன்சனின் வைத்தியம் இளகத் தெரிந்த தோலுக்கு. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்துக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அவருடைய புது ஷூக்களை முதலில் போட்டு நடந்து பழக்கியது, அதே கால் அளவு கொண்ட அவருடைய உடை அலங்காரப் பணியாளர் ஏஞ்சலா கெல்லி. 2019இல் வெளியான தன் புத்தகத்தில் அவரே அதை எழுதியிருக்கிறார். ராணிக்கு ஆள் இருந்தது, சிப்பாய்க்குத் தோல் இருந்தது. 900 ரூபாயோடு நேர்காணலுக்குக் கிளம்புகிறவனுக்கு இருப்பது அவன் கால்தான். செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று நம்மூரில் கேட்பார்கள். தறிக்கத்தான் செய்கிறோம், தினம் கொஞ்சமாக.

அடுத்த ஷூவுக்குக் காசு சேர்க்க ஏழு மாதம் ஆனது. கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில் போய், லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கடைக்குள் நாலு சுற்று நடந்து பார்த்தேன். "என்ன சார், மலையேறப் போறீங்களா?" என்று கடைப் பையன் சிரித்தான். அரை சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கினேன்.