இழப்பிலிருந்து எழுந்த பணி: பண்டத்தரிப்பிலிருந்து வேலூர் வரை

நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் எமது பாடசாலையின் மலருக்கு எழுதும்போது, தமிழ்ப் பெண்கள் வைத்தியராவதற்குத் திறந்த வழிகளில் ஒன்றை நினைவுகூர்வது பொருத்தம் என எண்ணுகிறேன். அந்த வழி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தொடங்கி வேலூருக்குச் செல்கிறது. அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மரணமோ விபத்தோ நிற்கிறது. அந்த இழப்புகளுக்கு நடுவே கிறிஸ்தவ விசுவாசம் என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1819இல் வைத்தியர் ஜோன் ஸ்கடர் நியூயோர்க்கில் நன்கு நடந்துகொண்டிருந்த தமது தொழிலை விட்டு, மனைவி ஹரியற்றுடன் அமெரிக்க மிஷன் ஊழியராக இலங்கைக்குக் கப்பலேறினார். வரும் வழியிலேயே அவர்களுடைய முதற் குழந்தை இறந்தது. இங்கு வந்த பின்னரும் அவர்கள் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். அவர்கள் திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் பண்டத்தரிப்பில் தங்கி நோயாளரைப் பராமரித்தார்கள். 1836இல் அவர்களது பணி சென்னைக்கு மாறியது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே ஊழியத்தைத் தொடர்ந்தார்கள்.

அந்தப் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் ஐடா ஸ்கடர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவருக்கு மிஷன் ஊழியத்தில் விருப்பமே இருக்கவில்லை. நோயுற்ற தாயைப் பார்க்க வந்து, திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த காலத்தில், ஓரிரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். வைத்தியரான ஐடாவின் தந்தை வரத் தயாராக இருந்தும், அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அவர்கள் உடன்படவில்லை. ஐடாவோ வைத்தியம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மரணங்களை அவர் கடவுளின் அழைப்பாக ஏற்றுக்கொண்டார். 1899இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றுத் திரும்பினார். உடன் நின்று வழிகாட்டியிருக்க வேண்டிய தந்தை 1900இல் காலமானார். ஆயினும் 1902இல் வேலூரில் பெண்களுக்கான வைத்தியசாலை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலை தொடங்கியது. அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

அக்கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் கொச்சியில் 1925இல் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். விசுவாசம் அவருக்குக் குடும்பச் சொத்தாகவே கிடைத்திருந்தது. அது அவருக்கே சொந்தமாக வேண்டிய நாள் 1954 ஜனவரியில் வந்தது. இளம் வைத்தியர்கள் உல்லாசப் பயணம் சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. மேரியின் முகம் சிதைந்தது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் அற்றுப்போயின. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அக்காலத்தில் இத்தகைய காயமடைந்தவர்கள் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் இறந்தார்கள். பிழைத்தவர்கள் வீட்டின் பின்னறையில் முடங்கினார்கள். மேரிக்கும் அந்த இருள் வந்தது. கால்கள் திரும்ப வேண்டும் என்ற செபத்துக்குக் கால்கள் திரும்பவில்லை.

திரும்பியது வேலைதான். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றும் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தி வந்த வைத்தியர் போல் பிராண்ட், கைகளுக்கான சத்திரசிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவரை ஊக்குவித்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி கத்தியைக் கையில் எடுத்தார். நோயாளருக்கு விரல்களில் உணர்வில்லை. வைத்தியருக்குக் கால்களில் உணர்வில்லை. ஊர் ஒதுக்கிய அந்த மனிதர்கள், தம்மைப் போலவே ஒன்றை இழந்த ஒருவர் தம் கைகளைத் திருத்துவதைக் கண்டார்கள். எத்தனை ஆறுதல் வார்த்தைகள் சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

பின்னர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தாமே நோயாளியாகப் பயிற்சி பெற்று, சக்கர நாற்காலியில் சுயமாக வாழக் கற்றார். நியூயோர்க்கில் ஹவார்ட் றஸ்க்கின் நிறுவனத்தில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று வேலூருக்குத் திரும்பினார். அங்கு அத்துறையைக் கட்டியெழுப்பி, 1966இல் தங்கிச் சிகிச்சை பெறும் புனர்வாழ்வு நிலையத்தையும் உருவாக்கினார். 1972இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாறு திருகோணமலை மாவட்டத்தாராகிய எமக்குத் தூரத்துக் கதையல்ல. யுத்தமும் 2004இன் கடற்கோளும் எம்மிடமிருந்து எவ்வளவோ பறித்தன. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. காலை இழந்தவர்களிடமும் பிள்ளையை இழந்தவர்களிடமும் நாம் சொல்லும் சில வார்த்தைகள் காயத்தை ஆழமாக்குகின்றன. ஒருவர் அதை முற்பிறப்பின் வினை என்கிறார். மற்றவர் விசுவாசக் குறைவு என்கிறார். இரண்டுமே துன்பப்பட்டவர் தலையில் குற்றத்தையும் ஏற்றிவிடுகின்றன. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கேள்வியையே மறுத்தார். உயிர்த்தெழுந்த அவருடைய கைகளில் ஆணித் தழும்புகள் மறையாமல் இருந்தன என்றும் சுவிசேஷம் சொல்கிறது. சுகம் என்றால் தழும்பு இல்லாமை என்று எண்ணும் எவரும் அதைச் சிந்திக்க வேண்டும்.

ஒரு வைத்தியராக எனக்குத் தெரிந்தது இதுதான். வெட்டுண்ட முள்ளந்தண்டு வடத்தை எங்களால் மீண்டும் இணைக்க முடியாது. இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கலாம், சிறுநீர்த் தொற்றைத் தடுக்கலாம், நாற்காலிக்கு மாறப் பழக்கலாம். அதற்குப் பிறகு அவர் எழுந்து எங்கே போவார் என்பது ஊரின் கையில் இருக்கிறது. மேரி வர்கீஸை எழுப்பியது அவரது விசுவாசம் மட்டுமல்ல. நீ இன்னும் எமக்குத் தேவை என்று சொன்ன ஒரு சமூகமும் அவருக்கு இருந்தது.

ஆகவே உலகெங்கும் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்நூற்றாண்டின் நினைவாக எமது பாடசாலைக்கு எதைக் கட்டினாலும், அதன் வாசலுக்குச் சக்கர நாற்காலி ஏறக்கூடிய சரிவுப் பாதை ஒன்றையும் சேர்த்துக் கட்டுவோம். நடக்க முடியாத ஒரு சிறுமியும் எமது வகுப்பறைக்கு வரட்டும். நாளைய வைத்தியர் அவளாகவும் இருக்கலாம்.